ராவுத்தர் வண்டி நேரத்துக்கு வந்த நாள்

கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் காலை வண்டிக்குப் புறப்படும் நேரம், போய்ச் சேரும் நேரம் என்று இரண்டு நேரங்கள் உண்டு. முதலாவதில் டிரைவர் ஷேக் பரீது ராவுத்தரை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. விடியற்காலைத் தொழுகையை முடித்துவிட்டு, மனைவி ஜொஹரா பீவி கொடுக்கும் தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டு, வெளிச்சம் வருவதற்குள் வண்டியடிக்கு வந்துவிடுவார். ஹேண்டில் போட்டு இஞ்சினை உசுப்பி, முன்கண்ணாடியைத் துடைத்து, ரப்பர் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கி, சொன்ன நேரத்துக்கு எடுத்துவிடுவார். அந்த இரண்டாவது நேரம் இருக்கிறதே, அதுதான் அவருக்கும் வாய்க்கவில்லை, அந்த வண்டிக்கும் வாய்க்கவில்லை.

சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷத்தில் அவர் அந்த ரூட்டுக்கு வந்தார். அதற்கு முன்னால் சண்டைக் காலத்தில், பெட்ரோல் கிடைக்காதபோது, கரியில் ஓடும் வண்டி ஓட்டியவர். புது சர்க்கார், புது வண்டி, இனி எல்லாம் நேரத்துக்கு நடக்கும் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். மற்றது எது எப்படி நடந்ததோ எனக்குத் தெரியாது. ராவுத்தர் வண்டி நேரத்துக்கு நடக்கவில்லை.

காரணம் ரொம்பச் சின்னது. அவருக்கு ஆளை விட்டுவிட்டுப் போகத் தெரியாது. கம்பெனி நோட்டீஸில் போட்டிருந்த ஸ்டாப்புகள் சொற்பம். ராவுத்தருடைய ஸ்டாப்புகளோ வரப்புக்கு ஒன்று. கடலைக் காட்டின் நடுவில் ஒருவர் துண்டை வீசிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தால் போதும், அவருடைய கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். பின்படியில் நிற்கும் கண்டக்டர் மலையாண்டி “ரைட், ரைட்” என்று தொண்டை கிழியக் கத்துவார். முன்னால் ராவுத்தர் காதில் அது விழவே விழாது.

“அண்ணே, டைம் ஆச்சுண்ணே!”

“டைமு எங்கிட்டும் ஓடிப் போயிராது மலையாண்டி. அந்த ஆளப் பாரு, வேட்டி அவுந்து விழுந்துரும் போல வாராரு. அடுத்த வண்டி சாயந்தரந்தான். அதுவரைக்கும் அவரு இந்தக் காட்டுல நின்னு என்ன பண்ணுவாரு?”

மலையாண்டி படியை விட்டு இறங்கி அந்த ஆளைக் கைகொடுத்து ஏற்றிவிடுவார். இருந்தாலும் ஓடி வருகிறவர்கள் கொஞ்சம் நியாயமானவர்களாக இருந்திருக்கலாம். ஒரு முறை ஒருத்தர் அரை மைல் ஓடி வந்து, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றார். படிக்கட்டைக் காட்டினால் ஏறவில்லை.

“ராவுத்தரண்ணே, நான் வரலண்ணே. எங்க மச்சான் அடுத்த ஊரு ஊரணிக்கரையில நிப்பாரு. பசு கன்னு போட்டுருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. கெடேரி.”

மலையாண்டி தலையில் அடித்துக்கொண்டார். ராவுத்தர் ஊரணிக்கரையில் வண்டியை நிறுத்தி, மச்சானைத் தேடிப் பிடித்துச் செய்தியைச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். இன்னொருத்தர் வீட்டு வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டே கையைக் காட்டுவார். அவர் கலயத்தைச் சாய்த்து, கடைசி வாயைக் குடித்து, மிளகாயைக் கடித்து, வாயைக் கொப்பளித்து முடிக்கும் வரை ஒரு வண்டி ஜனம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். ஏறியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “என்ன மலையாண்டி, வண்டி ஏன் இன்னைக்கு லேட்டு?”

இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடக்கூடியவள் செங்காட்டுப்பட்டி பொன்னுத்தாய். பூ வியாபாரம். மொக்கு விரிவதற்குள் பறிக்க வேண்டும், பறித்ததைப் புதுக்கோட்டைக் கடைத்தெருவில் வெயில் ஏறுவதற்குள் சேர்க்க வேண்டும். புருஷன் இல்லாத வீட்டில் அவள் ஒருத்திதான் தோட்டத்துக்கும் கூடைக்கும் கடைத்தெருவுக்கும். அதனால் ஒரு நாளும் அவள் வண்டிக்கு முன்னால் ஸ்டாப்புக்கு வந்ததில்லை. முதலில் அவள் குரல் வரும். அப்புறம் பனைகளுக்கு நடுவில் கூடை தெரியும். கடைசியில்தான் பொன்னுத்தாய், அள்ளி முடியாத கூந்தலோடு. அவளுக்காக வண்டி நிற்கும் நேரத்தில் இரண்டு பேர் இறங்கி வெற்றிலை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இவ்வளவுக்கும் ஏறியவுடன் அவள் ராவுத்தரைத்தான் பிடித்துக்கொள்வாள்.

“என்னண்ணே, இன்னைக்கு இம்புட்டு வெரசா வந்துட்டீங்க? மனுசி ஓடியார வேணாமா?”

“தப்புத்தான் தாயி. நாளைக்கு மெதுவா வாரேன்” என்பார் ராவுத்தர்.

வண்டியே சிரிக்கும். அவரும் சிரிப்பார். அதெல்லாம் ஸ்டாண்டு வரைக்கும்தான்.

ஸ்டாண்டில் டைம் கீப்பர், லேட்டை நோட்டில் குறிக்கச் சிவப்புப் பென்சிலோடு காத்திருப்பார். வருஷத்துக்கு ஒரு தரம் ஆயுத பூஜை அன்று கம்பெனிக் கொட்டகையில் எல்லா டிரைவர்களையும் வரிசையாக நிறுத்தி, நேரம் தவறாமல் ஓட்டியவர்களுக்கு முதலாளி உடையப்பன் தன் கையால் கைக்கடிகாரம் கட்டிவிடுவார். மற்றவர்களுக்குப் பொரி கடலைப் பொட்டலம். உடையப்பன் கெட்ட மனுஷர் அல்ல. ஆனால் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒரு வேடிக்கை சொல்லாவிட்டால் அவருக்கு நாக்கு அரிக்கும்.

“பரீது, ஒனக்கும் ஒண்ணு குடுக்கலாம்னுதான்யா பாக்குறேன். ஒன் கையில கட்டுனா அந்தக் கடிகாரமும் லேட்டா ஓடுமேன்னு யோசனையா இருக்கு!”

கொட்டகை குலுங்கும். ராவுத்தரும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தைப் பிரிக்காமலே மூலையில் போட்டுவிடுவார். வருஷா வருஷம் இதே கதைதான். ‘லேட்டு ராவுத்தர்’ என்ற பெயர் அந்தக் கொட்டகையிலிருந்துதான் புறப்பட்டு, ரூட் முழுக்க ஏறி இறங்கி, கறம்பக்குடியில் அவர் வீட்டு வாசல் வரைக்கும் வந்து சேர்ந்தது. அந்தப் பெயர் மட்டும் லேட்டாகாமல் வந்தது.

ஜொஹரா பீவிக்குப் பொறுக்கவில்லை. “நீங்க யாருக்காக நிக்கிறீங்களோ அவங்களே ஒங்கள லேட்டு ராவுத்தருன்னுதான் சொல்றாங்க. காதுல விழுகுதா?”

“விழுகுது.”

“பெறகு?”

“சொல்லிட்டுப் போறாங்க. ஏத்திட்டுத்தானே வாரோம், விட்டுட்டா வந்தோம்?” என்றார் அவர். ஆனால் வலித்தது. ராவுத்தருக்கு அது நன்றாகவே வலித்தது. தொழில் தெரியாதவன் என்று சொல்லியிருந்தால்கூட அவர் சட்டை செய்திருக்க மாட்டார். கியர் மாற்றுவது வெளியில் தெரியாமல் வண்டி ஓட்டுகிற ஆள் அவர். மடியில் வைத்த முட்டைக்கூடை மடியிலேயே இருக்கும். அப்படிப்பட்டவருக்குத் தொழிலில் கிடைத்த ஒரே பட்டம் லேட்டு.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதிரே வருகிற மாட்டு வண்டி ஒன்றுக்கு இரண்டாகத் தெரிகிற நாள் வருவதற்குள் ஸ்டீயரிங்கை விட்டுவிட வேண்டும் என்று ராவுத்தர் தானாகவே ஆபீஸுக்குப் போய்ச் சொன்னார். பங்குனி முதல் தேதி காலை டிரிப்போடு நிறுத்திக்கொள்வதாக முடிவாயிற்று. முதலாளிக்கும் மனசு இளகிவிட்டது. எழுந்து வந்து தோளில் கை போட்டார்.

“கடைசி டிரிப்பு வந்து நிக்கிறப்ப நானே ஸ்டாண்டுக்கு வந்து மாலை போடுறேன்யா. சந்தன மாலை. ஆனா ஒண்ணு, நீ எப்ப வருவேன்னு எனக்குத் தெரியும். நான் வீட்டுல சாப்புட்டு, வெத்தல போட்டு, ஆற அமர வாரேன்.”

ஆபீஸில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ராவுத்தரும் வழக்கம் போலச் சிரித்தார். ஆனால் சாயந்தரம் வண்டியைக் கழுவும்போது கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டார்.

“மலையாண்டி, ஒரு நா. ஒரே ஒரு நா நேரத்துக்குப் போயி நிக்கணும். கடைசி நாளாவது அந்தச் செவப்புப் பென்சில் சும்மா இருக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

மலையாண்டி வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அண்ணன் தனக்கென்று ஒன்று கேட்டு அவர் பார்த்ததில்லை.

நிலைமை அதற்கு நேர்மாறாகப் போய்க்கொண்டிருந்தது. ராவுத்தர் வேலையிலிருந்து நிற்கப் போகிறார் என்ற செய்தி ரூட் முழுக்கப் பரவிவிட்டது. முதல் ஸ்டாப்பில் மேளம் வைத்து வண்டியை எதிர்கொள்வது என்று தீர்மானம். ஊரணிக்கரைக்காரர்கள் வண்டி ஜனம் அத்தனை பேருக்கும் பானகம் கொடுப்பதாக அறிவித்துவிட்டார்கள். கன்றுக்குட்டிச் செய்தி அனுப்பியவர், அந்தக் கிடேரியையே கொம்பில் பூச்சுற்றி ரோட்டுக்குக் கொண்டு வரப் போவதாகக் கேள்வி. செங்காட்டுப்பட்டியில் பஞ்சாயத்து மெம்பர் பெரியகருப்பன் புதுக்கோட்டையில் ஒரு வாழ்த்துப் பத்திரமே அச்சடித்து, கண்ணாடி போட்டு வாங்கி வந்துவிட்டார். அதை அவரே வாசிக்கப் போகிறார். பெரியகருப்பனுக்கு மைக் தேவையில்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்துவதற்குத்தான் ஆள் தேவை.

“அண்ணே,” என்றார் மலையாண்டி, “இவுங்க எல்லாரும் மாலை போட்டு, மெம்பரும் பேசி முடிச்சு, நாம ஸ்டாண்டுக்குப் போனம்னா அப்படியே சாயந்தர வண்டியா திருப்பி எடுத்துக்கிட்டு வந்துறலாம்.”

ராவுத்தருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நமக்கு மாலை போட வேண்டும் என்று இத்தனை பேர் நினைக்கிறார்களே என்று ஒரு பக்கம் உள்ளம் குளிர்ந்தது. இவர்கள் போடப் போகிற மாலையாலேயே கடைசி நாளும் லேட்டாகப் போகிறோமே என்று இன்னொரு பக்கம் ஆதங்கமாக இருந்தது. நம் பக்கத்தில் மாலை வேண்டாம் என்று சொல்வது சாதாரணக் காரியமா? வீடு தேடி வந்தவர்களை வாசலோடு அனுப்புவது போலத்தான். கல்யாண வீட்டில் மாலை மாறிப் போனதற்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் பங்காளிகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டு ராவுத்தர் மலையாண்டியைக் கூப்பிட்டார்.

“எல்லா ஸ்டாப்புலயும் சொல்லிரு. கையெடுத்துக் கும்பிட்டேன்னு சொல்லு. மாலை, மேளம் ஒண்ணும் வேணாம். அன்னைக்கு ஒரு நாளாவது வண்டி நேரத்துக்குப் போகட்டும்னு நான் கேட்டுக்கிட்டேன்னு சொல்லு.”

மறுநாள் மலையாண்டி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

“சொல்லிட்டேண்ணே.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணுஞ் சொல்லல. மொகந்தான் சரியில்ல. மெம்பரு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.”

“பொன்னுத்தாயி?”

“அது வெத்தலயத் துப்பிட்டு அங்கிட்டுத் திரும்பிக்கிருச்சு.”

தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று ராவுத்தர் அன்றிலிருந்து மருகினார். இனி போய் மேளம் வையுங்கள் என்று சொல்லவா முடியும்?

பங்குனி முதல் தேதி விடிந்தது. ஜொஹரா பீவி காக்கிச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். வாசல் வரை வந்து, “லேட்டானாலும் பரவால்ல, பத்திரமாப் போயிட்டு வாங்க” என்றாள். இத்தனை வருஷம் பேசியதற்கெல்லாம் சேர்த்து அவள் சொன்ன சமாதானம் அது.

முதல் ஸ்டாப்பில் மேளம் இல்லை. ஜனங்கள் மட்டும் வரிசையாக நின்றார்கள். அந்த ரூட்டில் வரிசை என்ற ஒன்றை ராவுத்தர் அன்றைக்குத்தான் பார்க்கிறார். மேலே ஏற்ற வேண்டிய மூட்டைகளை ஒரு மாட்டு வண்டியில் உயரமாக அடுக்கித் தயாராக வைத்திருந்தார்கள். தள்ளினால் நேரே பஸ்ஸின் கூரைக்குப் போய்விடும்படி. பெண்கள் முன்னால், பிள்ளைகள் நடுவில், ஆண்கள் பின்னால். ஏறினார்கள், உட்கார்ந்தார்கள். டிக்கெட்டுக்குச் சரியான சில்லறை ஒவ்வொரு கையிலும் இருந்தது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மலையாண்டி ‘ரைட்’ சொன்னபோது அவர் குரலே அவருக்கு அந்நியமாக இருந்திருக்க வேண்டும்.

ராவுத்தர் வண்டியை எடுத்தார். வழக்கமாக ஆள் ஓடி வருகிற வரப்பு வந்தது. கால் பிரேக்குக்குப் போயிற்று. வரப்பில் ஒரு கொக்கு நின்றது, அவ்வளவுதான். கஞ்சிக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் தயாராக நின்றார், ஏறினார், லேட்டு என்று கேட்கவில்லை. ஊரணிக்கரையிலும் அதே வரிசை, அதே மௌனம். கிடேரியைக் காணோம். ஏதாவது பேச்சுக் கொடுக்கலாம் என்று ராவுத்தர் கண்ணாடியில் பார்த்தார். பார்த்தவர்கள் எல்லாரும் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

எப்போதும் சந்தைக்கடை போல இரைகிற வண்டி அன்றைக்கு இழவு வீட்டுக்குப் போகிற வண்டி மாதிரி போயிற்று. இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. நேரம் என்னவோ கையில் நின்றது, மிச்சம்கூட இருந்தது. இத்தனை வருஷம் ஆசைப்பட்ட காரியம் நடந்துகொண்டிருந்தது, ராவுத்தருக்கோ அதில் சந்தோஷமே இல்லை. கோபித்துக்கொண்டுவிட்டார்கள். இனி இவர்கள் யாரையும் பார்க்கப் போவதுகூட இல்லை, கடைசி நாளில் இப்படிப் போய்ச் சேரவா இந்த நேரம்? எங்காவது ஒரு மரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி, தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார்.

அப்படி நினைத்துக்கொண்டே செங்காட்டுப்பட்டி ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தினார்.

வரிசையில் முதல் ஆளாகப் பொன்னுத்தாய் நின்றாள். தலை வாரி, கொண்டை போட்டு, நெற்றியில் திருநீறு வைத்து, ஈரத்துணி மூடிய பெரிய கூடையோடு. அந்த ஸ்டாப்பில் வெறும் ரோட்டையும் பனையையும் பார்த்தே பழகிய ராவுத்தர், வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் குழம்பினார். ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“என்ன தாயி, இன்னைக்குப் பூப் பறிக்கலயா?”

“பறிக்காம? ஊரே எறங்கிப் பறிச்சுச்சு. மெம்பரும் வந்தாரு. அவரு பறிச்சதுல பாதி எல, பாதி செடி.”

“நெசமாவா? ஊரே எதுக்கு எறங்குச்சு?”

பொன்னுத்தாய் இடுப்பில் கை வைத்தாள். “ஏண்ணே, இப்படி நின்னு கத பேசிக்கிட்டிருந்தா எப்படி? ஒங்களாலதான் வண்டி லேட்டாகுது. எடுங்க!”

வண்டிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. முதல் ஸ்டாப்பிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு. கஞ்சிக்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினார். ஊரணிக்கரைப் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துகொண்டார்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதெல்லாம் சிரிப்பை மறைக்கத்தான் என்று ராவுத்தருக்கு அப்போதுதான் புரிந்தது. பெரியகருப்பன் முள் கீறிய கையோடு படியேறி, முன்னால் வந்து நின்றார்.

“மாலை வேணாம்னீங்க, சரி. டைம் வேணும்னீங்க. எங்களுக்காக நின்னு நின்னு நீங்க எழந்த டைமு எங்ககிட்டதானே இருந்துச்சு? இந்தாங்க, திருப்பிக் குடுக்குறோம். வாங்கிக்கிட்டு வண்டிய எடுங்க ராவுத்தரே.”

பெரியகருப்பன் வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமாகப் பேசியது அந்த ஒரு முறைதான்.

ராவுத்தருக்குக் கண்ணில் தண்ணீர் திரண்டு ரோடே மங்கிப் போயிற்று. “அண்ணே, கண்ணத் தொடச்சுட்டு எடுங்கண்ணே, ஏற்கனவே புரை” என்று மலையாண்டி பின்படியிலிருந்து கத்த, இன்னொரு சிரிப்பு எழுந்தது. ராவுத்தர் தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார்.

அதற்கப்புறம் அந்த ரூட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இருபுறமும் காட்டில் வேலை செய்தவர்கள் களைக்கொத்தோடு வரப்பில் வந்து நின்று, “நிப்பாட்டாதீங்க, நிப்பாட்டாதீங்க, போங்க!” என்று கூவினார்கள். எத்தனை வருஷமாக அவரை நிறுத்தியவர்கள்! ஒரு கிழவர் வேட்டி அவிழ அவிழ ஓடி வந்தார். ராவுத்தர் பழக்கத்தில் பிரேக்கை அமுக்கப் போக, அவர் பதறிப் போய் இரண்டு கையையும் ஆட்டினார். “நான் வரல, நான் வரல, சும்மாதான் ஓடியாரேன்!” மூட்டை முடிச்சு, கோழிக்கூடை, பிள்ளைகுட்டி என்று வண்டி நிறைந்து, மேலும் இருபது பேர் தொற்றிக்கொண்டு, பாட்டும் சிரிப்புமாக ஊருக்குள் நுழைந்தது.

ஸ்டாண்டில் டைம் கீப்பர் அப்போதுதான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்தார். ஸ்டாண்டு கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி வண்டியைப் பார்த்தார்.

“இது எந்த வண்டிய்யா?”

“கறம்பக்குடி வண்டி” என்றார் மலையாண்டி, நெஞ்சை நிமிர்த்தி.

“நேத்து வண்டியா?”

ராவுத்தர் இறங்கி வந்து, அவர் காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலைத் தானே எடுத்து அவர் சட்டைப் பையில் செருகினார். வண்டி குறித்த நேரத்துக்கு வந்திருந்தது. முன்னால் வந்திருந்தது என்றே சொல்ல வேண்டும்.

கம்பெனி ஆட்களைக் காணோம். முதலாளியின் கார் நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது. ராவுத்தர் வண்டிக்கு யார் இந்த நேரத்தில் வந்து காத்திருப்பார்கள்? அவரவர் வீட்டில் இட்டிலி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் வண்டியிலிருந்து ஒருவரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போகவில்லை. இறங்கி, ராவுத்தரைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

“மலையாண்டி, டைம் மிச்சம் இருக்கா?” என்று கேட்டார் பெரியகருப்பன்.

“வேணுங்கிறது இருக்கு.”

“அப்ப இனிமே மாலை வேணாம்னு யாரும் சொல்ல முடியாதுல்ல?”

பொன்னுத்தாய் கூடையின் ஈரத்துணியை விலக்கினாள். ஸ்டாப்புக்கு ஒரு மாலை கட்டியிருந்தாள். விற்கிற மாலையை விட இரண்டு மடங்கு தடிமன், நடுவில் சம்பங்கி, ஓரத்தில் மரிக்கொழுந்து. ஊரணிக்கரைக்காரர்கள் பானகக் குடத்தை வண்டியின் பின்சீட்டுக்கு அடியிலிருந்து தூக்கி வந்தார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பும் வந்து மாலை போட்டது. கைக்கடிகாரம் கட்டிய மற்ற டிரைவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்து, எட்டிப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களில் யாருக்கும் ஒரு ஊர் திரண்டு வந்து இப்படிச் செய்ததில்லை. வாழ்த்துப் பத்திரம் முழுசாக வாசிக்கப்பட்டது. அது ரொம்ப நேரம் பிடித்தது என்பதை மட்டும் சொல்லி விட்டுவிடுகிறேன்.

ராவுத்தரைப் பேசச் சொன்னார்கள். மாலைகளுக்கு மேலே அவர் கண்ணும் தொப்பியும்தான் தெரிந்தன.

“நான் பெருசா ஒண்ணும் பண்ணலங்க. வண்டிய நிப்பாட்டுனேன், அம்புட்டுத்தான். நீங்க ஓடியாந்தீங்க. ஓடியாரவங்களப் பாத்தா எனக்கு நிக்காமப் போகத் தெரியல. லேட்டு ராவுத்தருன்னு சொல்றப்பல்லாம் சங்கடமா இருக்கும். இன்னைக்கு மனசு நெறஞ்சு போச்சு. இனிமே நீங்க அப்படியே கூப்பிடுங்க.”

கூட்டம் கை தட்டி ஓய்ந்த நேரத்தில் ஒரு கார் வேகமாக வந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றது. யாரோ ஓடிப் போய் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். முதலாளி உடையப்பன் பாதி மென்ற வெற்றிலையோடு, ஒரு கையில் சந்தன மாலையும் மறு கையில் நழுவுகிற அங்கவஸ்திரமுமாக இறங்கினார். நேராக நடந்து வர முடியாதபடி கூட்டம். வழிவிடச் சொல்லிக்கொண்டே, வியர்த்து வழிய, செருப்பு ஒன்று கழன்றுவிட, கையை உயர்த்திக் காட்டியபடி ஓடி வந்தார்.

அவர் ஓடி வருவதைப் பார்த்ததும் ராவுத்தர் கூட்டத்தைக் கையமர்த்திவிட்டு அப்படியே நின்றார்.

“என்னய்யா பரீது,” என்றார் உடையப்பன், மூச்சு வாங்கியபடி. “நீ இந்நேரத்துக்கு வருவேன்னு யாருய்யா நெனச்சா? எனக்கு லேட்டாயிருச்சுய்யா.”

ராவுத்தர் முகத்தில் கேலி துளியும் இல்லை. இத்தனை வருஷம் வரப்பில் ஓடி வந்தவர்களை எப்படிப் பார்த்தாரோ அப்படித்தான் முதலாளியையும் பார்த்தார்.

“பரவால்ல மொதலாளி. பதறாம வாங்க. ஆளு வந்து சேர்ற வரைக்கும் நிக்கிறது எனக்குப் பழக்கந்தான்.”

கொட்டகையில் அத்தனை வேடிக்கை பேசிய உடையப்பன் வாயிலிருந்த வெற்றிலையைத் திரும்பித் துப்பினார். கழன்ற செருப்பைத் தேடவில்லை. ஒரு காலில் செருப்போடு ராவுத்தர் முன்னால் வந்து நின்று, முதலில் கையைக் குவித்து ஒரு கும்பிடு போட்டார். அப்புறம்தான் மாலையை உயர்த்தினார். கழுத்தில் இடம் இல்லாததால் ராவுத்தர் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது.